லைன் காசு

"முதலாம் நம்பர்."

முதலாம் நம்பர் முன்னே வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறது. நகத்துக்குள் அடுப்புக் கரி. கோணாமலை குனிந்து, ஒரு கண்ணை இடுக்கி, அந்தக் கரியை உற்றுப் பார்க்கிறார். கையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. துறைமுகத்துச் சம்பள மேசையில் கங்காணி எல்லோருடைய கையையும் பார்க்கிறான்; ஆகவே வீட்டிலும் பார்த்தாக வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. சாம்பல்தீவில் கடற்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கையில் மூன்றாவது வளவு. வேப்பமரத்தின் கீழ் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அது மேசை. வீட்டில் கதிரை கிடையாது. ஆகவே மனைவி சீதேவியின் திருவலைக் கட்டையை எடுத்து வந்து, அதன் பல்லில் பழந்துணியைச் சுற்றிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். "தேங்காய் திருவ வேணும், எழும்புங்கோ" என்று சீதேவி குசினிக்குள் இருந்து மூன்றாம் தடவையாகச் சொல்லிவிட்டாள். சம்பள நேரத்தில் எழும்ப ஏலாது.

மேசைக்கு முன்னே மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். ராசமலருக்குப் பத்து வயது, பூரணத்துக்கு எட்டு, கடைசிப் பையன் கதிராமனுக்கு நாலு. பெயர் சொல்லி அழைப்பதில்லை. "பேர் சொல்லிக் கூப்பிட்டா அது சோறு தின்னக் கூப்பிடுறது. சம்பளத்துக்கு நம்பர்" என்பது கோணாமலையின் சட்டம்.

சம்பளம் கச்சானில், கோதுடைத்துத் தின்னும் நிலக்கடலையில், கொடுக்கப்படுகிறது. தண்ணீர் அள்ளுகிற ராசமலருக்குக் கிழமைக்கு இருபது கச்சான். வளவு கூட்டி, கோழிக்கூடு துப்புரவாக்குகிற பூரணத்துக்குப் பதினைந்து. காயப்போட்ட கருவாட்டுக்குக் காகம் கலைக்கிற கதிராமனுக்குப் பத்து. முழுச் சம்பளத்தையும் முதலில் மேசையில் எண்ணி வைப்பார். பிள்ளை அதைக் கண்ணால் நன்றாகப் பார்த்து முடிந்ததும், ஒவ்வொன்றாகத் திருப்பி எடுப்பார்.

"செவ்வாய்க்கிழமை குடத்தை உடைச்சது ஆர்?"

"அது ஏற்கனவே கீறின குடம்."

"கீறின குடத்துக்கு ரெண்டு கச்சான். புதன்கிழமை வெயில் ஏறின பிறகு எழும்பினது. பிந்தின காசு ஒண்டு. தேத்தண்ணிக் காசு ஒண்டு. லைன் காசு ஒண்டு. மிச்சம் பதினைந்து. எடுத்துக்கொண்டு போ. அடுத்த நம்பர்."

கோணாமலைக்கு நாற்பத்திரண்டு வயது. வெள்ளைக்காரரின் இந்த யுத்தத்துக்கு முன்னர் கரைவலை இழுத்தவர். கரையின் பாதியில் இராணுவம் முள்ளுக்கம்பி அடித்து, இந்தப் பக்கம் வரக்கூடாது என்று பலகை நட்ட பிறகு, துறைமுகத்தில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் கறள் தட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் குந்தியிருந்து, இரும்பில் ஏறிய கறளைக் காலை ஏழு மணி தொடக்கம் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். அவரைப் போல நாற்பது பேர் ஒரே கப்பலைத் தட்டுவார்கள். இதனால் அவருடைய காது பாதி போய்விட்டது. தான் மெதுவாகப் பேசுவதாக அவர் நினைப்பது அடுத்த ஒழுங்கைவரை கேட்கும். ஊரில் அவரோடு இரகசியம் பேச விரும்புகிறவர்கள் அலைச் சத்தம் உள்ள இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

வேலை முடிந்து வரும்போது இமை மயிரிலும் மூக்குத் துவாரத்திலும் செம்புழுதி இருக்கும். தூசு கண்ணில் விழுந்தால் கசக்குவார். கசக்கக் கூடாது; கொதித்தாறின தண்ணீரால் கழுவ வேண்டும், அவ்வளவுதான். சொன்னால், "கசக்காட்டி அது எப்பிடி வெளிய வரும்?" என்று கேட்பார். ஆறு மாதமாக இடது கண் சிவந்தே இருக்கிறது. அதைத்தான் பிள்ளைகளின் கையைப் பார்க்கும்போது இடுக்கிக்கொள்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உத்தியோகத்தரின் பார்வை போல இருக்கும்.

எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக உண்டு. அரிசியில் ஏன் இவ்வளவு கல் என்று சீதேவி கேட்டால், "யுத்தம் நடக்குதெல்லே." சீனி ஏன் இல்லை என்றால், அதே பதில். போன ஐப்பசியில் கோழி ஒன்று அடைகாக்காமல் எழுந்து போனபோதும் அதையேதான் சொன்னார்.

இந்தச் சம்பள மேசை வந்த கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த காலத்தில், "கிழமைக்கு ஒன்பது ரூபா" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார், ஊர் முழுக்கக் கேட்டது. பிள்ளைகளும் கேட்டு வைத்துக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை அவர் சீதேவியின் கையில் காசைக் கொடுக்க, எண்ணிப் பார்த்த ராசமலர், ஒரு ரூபாய்க்கு மேல் குறைகிறதே என்றாள். பூரணம் தகப்பனின் சட்டைப் பையைத் திருப்பிப் பார்த்து ஓட்டை இல்லை என்று அறிவித்தாள். கொஞ்ச நேரத்தில் கதிராமனைக் காணவில்லை. தேடிப் போனபோது, பையன் பெருந்தெருவில் குனிந்த தலையோடு, அப்பா விழுத்திய காசைத் தேடிக்கொண்டு பட்டணத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான். இராணுவ லொறிகள் போகிற தெரு அது.

பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த கோணாமலை, அன்றைக்கே பிள்ளைகளை இருத்தி விளக்கினார்.

"சம்பளம் எண்டா ரெண்டு சம்பளம். ஒண்டு வாய்ச்சம்பளம். மற்றது கைச்சம்பளம். வாய்ச்சம்பளம் கங்காணி வாயால சொல்லுறது. கைச்சம்பளம் என்ர கையில விழுறது. ரெண்டும் ஒண்டா இராது."

"ஏன் இராது?" என்றாள் ராசமலர்.

"இடையில பிடிப்பினம்."

"ஆரை?"

"ஆரையும் இல்லை, காசை."

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று கண்டதும், அடுத்த கிழமை பட்டணத்துச் சந்தையில் இரண்டு சுண்டு கச்சான் வாங்கி வந்து மேசையைத் தொடங்கினார். பாடம் நன்றாகவே ஏறியது. ஒரு மாதத்துக்குள் கதிராமன்கூடப் பத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை நிறுத்திவிட்டான். எல்லாம் பிடித்து முடியும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

ஒரே ஒரு குறை. பிடித்த கச்சானை மேசைக்குப் பின்னால் இருந்தபடியே கோணாமலை உடைத்துத் தின்றுவிடுவார்.

"பிடிச்ச கச்சான் எங்க போகுது அப்பா?"

"கந்தோருக்கு."

துறைமுகத்தில் காசு பிடிக்கிற அலுவலகம்தான் கந்தோர். அதன் பிறகு அந்த வீட்டில் அவருடைய வயிற்றுக்குக் கந்தோர் என்றே பெயர். சோறு பிந்தினால், "அம்மா, அப்பான்ர கந்தோர் கத்துது" என்று பூரணம் குசினிக்குச் செய்தி கொண்டு போவாள்.

பிடிக்கிற காசுகளுக்குள் எப்போதும் பிடிபட்டது லைன் காசு. பிந்தினாலும் பிந்தாவிட்டாலும், குடம் உடைந்தாலும் உடையாவிட்டாலும், கிழமைக்கு ஆளுக்கு ஒரு கச்சான். துறைமுகத்தில் அப்படித்தான். மேசையில் இருக்கிற கிளாக்கர் ஒவ்வொரு சனிக்கிழமையும் உரக்க வாசிப்பார்: "தேத்தண்ணி முப்பது. சுத்தியல் இருபத்தைந்து. லைன் ஐம்பது." கோணாமலைக்கு இதில் சந்தேகமே எழவில்லை. ஊரெல்லாம் இப்போது லைன்தானே. கூப்பன் அரிசிக்கு லைன், பாணுக்கு லைன், மண்ணெண்ணெய்க்கு லைன். மண்ணெண்ணெய் லைனில் இடம் பிடித்துத் தருவதற்கு ஐந்து சதம் வாங்குகிறவன் ஒருவன் பட்டணத்தில் இருக்கிறான். சம்பள லைன் அதைவிடப் பெரிய லைன். ஐம்பது சதம் கேட்கத்தான் செய்வார்கள்.

இந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை ராசமலர் கேட்டாள்:

"லைன் காசு எண்டா என்னப்பா?"

"லைனில நிக்கிறதுக்குக் காசு."

"நிக்காட்டி?"

"நிக்காட்டிச் சம்பளம் இல்லை."

"அப்ப சம்பளம் வாங்கிறதுக்கும் சம்பளம் குடுக்க வேணுமோ?"

"யுத்தம் நடக்குதெல்லே" என்றார் கோணாமலை.

ராசமலர் தன் கச்சானை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை, "முதலாம் நம்பர்" என்று கூப்பிட்டபோது மேசைக்கு முன்னே கதிராமன் மட்டும் நின்றான். மூத்தவள் கிணற்றுக் கட்டில் காலைத் தொங்கப்போட்டபடி இருந்தாள். பூரணம் பக்கத்தில்.

"நான் லைனில நிக்கேல்லை. இருக்கிறன். என்ர கச்சானை இஞ்ச கொண்டந்து தாங்கோ. லைன் காசு பிடிக்க ஏலாது."

"தம்பி நிக்கிறானெல்லே?"

"ஒராள் நிண்டா அது லைன் இல்லை" என்றாள் பூரணம்.

கதிராமன் தனக்கு முன்னும் பின்னும் பார்த்தான். பார்த்துவிட்டு அவனும் கிணற்றுக் கட்டுக்குப் போனான்.

சட்டம் தெரிந்த மனிதர் ஒருவருக்கு இது பெரிய இக்கட்டு. சம்பளத்தைக் கிணற்றுக் கட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேசைக்கு மரியாதை இல்லை. கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை தண்ணீர் அள்ள ஆள் இல்லை. "சாப்பிட்ட பிறகு பாப்பம்" என்று எழுந்துவிட்டார். சீதேவி ஓடி வந்து திருவலையை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை துறைமுகத்தில், பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில், பக்கத்துப் பலகையில் கறள் தட்டுகிற மஹ்ரூபிடம் இதைச் சொன்னார். மஹ்ரூப் கிண்ணியாக்காரன், முப்பது வயது இராது. தினமும் தோணியில் துறை தாண்டி வந்து போக முடியாததால் வேலைத்தலத்திலேயே தங்கியிருக்கிறவன்.

"தம்பி மஹ்ரூப், லைனில நிக்காமல் இருந்து சம்பளம் எடுத்தா லைன் காசு பிடிப்பாங்களோ? என்ர மகள் கேக்கிறாள்."

மஹ்ரூப் தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"கோணாமலை அண்ணன், லைன் காசு எண்டா என்னெண்டு நினைச்சிருக்கீங்க?"

"லைனில நிக்கிற காசு."

மஹ்ரூப் சிரித்ததில் புரைக்கேறியது. கோணாமலைதான் முதுகில் தட்டினார். சுத்தியல் பிடித்த கை; இருமல் உடனே நின்றுவிட்டது.

"லைன் எண்டா நாங்க படுக்கிற லைன் அண்ணன். அந்தா, மலையடியில இரிக்கிற தகரக் கொட்டில். அதுக்கு வாடகை. நீங்க தொடக்கத்தில பத்து நாள் வந்து படுத்தீங்க, நினைவிருக்கா? பிளேன் வந்து குண்டு போட்ட அண்டைக்கு ஓடின ஆள் பிறகு வரவே இல்லை. உங்கட பாய் இடத்தில என்ட றங்குப் பெட்டிதான் கிடக்கு. ரெண்டு வருசமா அதுக்கு நீங்க வாடகை கட்டியிருக்கீங்க."

கோணாமலை தகரக் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பெட்டிக்கெண்டாலும் நல்லா நித்திரை வருதோ?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவுமுன்னரே மேசையைப் போட்டார். சனிக்கிழமை அல்லாத நாளில் மேசை போட்டது அதுவே முதல் தடவை. பிள்ளைகள் கிணற்றுக் கட்டிலிருந்து சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

"லைன் காசு பிழை. நீங்கள் லைனில படுக்கேல்லை, என்ர வீட்டில படுக்கிறியள். அதைப் பிடிச்சது என்ர பிழை. திருப்பித் தாறன். முப்பத்துநாலு கிழமை. ஆளுக்கு முப்பத்துநாலு."

நூற்றிரண்டு கச்சான் அவரிடம் இல்லை. எல்லாம் கந்தோருக்குப் போய்விட்டது. இரண்டு தவணையில் கொடுப்பதாக ஒப்பந்தம். முதல் தவணை அந்தக் கிழமையே கொடுத்தார். எண்ணத் தெரியாத கதிராமனுக்கு நாலு கூடப் போட்டதை மற்ற இருவரும் கண்டும் காணாதது போல இருந்தார்கள்.

தன் பங்கை மடியில் கட்டிக்கொண்ட ராசமலர் போகவில்லை.

"உங்கட காசை அவை எப்ப திருப்பித் தருவினம்?"

கோணாமலை வாயைத் திறந்தார். யுத்தம் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. மகள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்து கூரையின் வடமேற்கு மூலையைப் பார்த்தார்.

இரண்டு வருடத்து லைன் காசு ஐம்பது ரூபாய்க்குக் கிட்ட வரும். கூரைக்குக் கிடுகு மாற்றி மூன்று மாரி ஆகிறது. வடமேற்கு மூலையில் ஒழுகுகிற தண்ணீர் கதிராமனின் பாயில் விழுகிறது. பையனுக்கு நெஞ்சில் சளி கட்டுவது அதனால்தான், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் காசைக் கேட்பது அவ்வளவு இலேசான விஷயம் அல்ல. அதைச் சீதேவி அன்றிரவு சோறு போடும்போது சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, கேக்காதேங்கோ. போன மாரிக்கு உங்களோட கறள் தட்டின முருகேசு பிந்தின காசைப் பற்றிக் கேட்டவன். அடுத்த நாள் விடிய வாசல் பலகையில அவன்ர தகடு இல்லை. ஆணி மட்டும் இருந்தது. இண்டைக்கு அவன் தம்பலகாமத்தில ஆற்றையோ வயலில கூலிக்கு நிக்கிறான்."

துறைமுக வாசலில் ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட பித்தளைத் தகடு ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தகடு இல்லாதவனுக்கு வேலை இல்லை. எவரும் வந்து காரணம் சொல்வதில்லை.

"எனக்கும் விருப்பமில்லை" என்றார் கோணாமலை. "பிள்ளை கேக்கிறாள்."

"பிள்ளை கேக்கும். அரிசியும் கேக்கும்."

ஐந்து நாளாகக் கோணாமலை கேள்வியைப் பழகிக்கொண்டிருந்தார். சைக்கிளில் போகும்போது, "ஐயா, ஒரு சின்னக் கதை" என்று தொடங்கிப் பார்த்தார். சரிவரவில்லை. "ஐயா, கோபிக்கக் கூடாது" என்று மாற்றினார். எதிரே வந்த தயிர்க்காரி ஒதுங்கி நின்று, "நான் ஏன் கோபிக்கிறன்?" என்றாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் சீதேவி அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. காலையில் அதைக் கையில் கொடுத்தபோது, "கேக்கிறதெண்டா சத்தம் போடாமல் கேளுங்கோ. சட்டையில மை பிரட்டாதேங்கோ" என்றாள்.

அன்று, சனிக்கிழமை, பகல் ஒரு மணிக்குச் சம்பள லைன் தொடங்கியது. இருநூறு பேருக்கு மேல். கோணாமலை நாற்பதாவது ஆளாக நின்றார்; அவருக்குப் பின்னால் மஹ்ரூப். மேசையில் கிளாக்கர், அவருக்குப் பக்கத்தில் கங்காணி, நடுவில் காசுப் பெட்டி, சம்பளப் புத்தகம், மைத்தட்டு.

"கோணாமலை. ஒன்பது ரூபாய். தேத்தண்ணி முப்பது. சுத்தியல் இருபத்தைந்து. லைன் ஐம்பது. கையை வை."

காசு மேசையில் எண்ணி வைக்கப்பட்டது. பழக்கத்தில் பெருவிரல் தானாகவே மைத்தட்டில் போய் ஊன்றியது. ஊன்றின பிறகுதான் அவருக்குக் கேள்வி நினைவு வந்தது.

"ஐயா," என்றார் மிக மெதுவாக. லைனின் கடைசி ஆள்வரை நிமிர்ந்து பார்த்தார்கள். "நான் லைனில படுக்கிறேல்லை ஐயா. சாம்பல்தீவில என்ர வீட்டில படுக்கிறனான். ரெண்டு வருசமா லைன் காசு பிடிபடுது."

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை?"

"லைனில நிக்கிறதுக்குக் காசு எண்டு நினைச்சிட்டன் ஐயா."

லைனில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பின்னால், "எனக்கும் பிடிபடுது, நானும் வீட்டிலதான்" என்று ஒரு குரல் வந்தது. வேறு எங்கோ இன்னொன்று. கங்காணி எழுந்து நின்றதும் குரல்கள் அடங்கின.

"இதெல்லாம் உனக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்றார் கிளாக்கர்.

"ஒருத்தரும் இல்லை ஐயா. வீட்டில பிள்ளையள் கேக்கினம்."

"பிள்ளையளுக்கு உன்ர சம்பளத்தில என்ன கதை?"

"அவைக்கு நான்தான் ஐயா சம்பளம் குடுக்கிறனான். நான் பிழையாப் பிடிச்சதைத் திருப்பிக் குடுத்திட்டன்."

கிளாக்கருக்கு இது விளங்கவில்லை. விளங்கியது போல முகத்தை வைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கோணாமலை பக்கமாகத் திருப்பினார். "சரி, சரி. கந்தோரில சொல்லிப் பாப்பம். மை காய்ஞ்சா பதியாது, இப்ப கையை வை. பின்னால ஆக்கள் நிக்கினம்."

"புத்தகத்தில எழுதுங்கோ ஐயா. எழுதின பிறகு வைக்கிறன்."

"காசு வேண்டாமோ?"

மேசையில் ஏழு ரூபாயும் சில்லறையும் கிடந்தன. ஒரு கிழமை அரிசி, மண்ணெண்ணெய், பையனுக்கு வேண்டிய இருமல் மருந்து, எல்லாம் அதற்குள். கோணாமலை அதைப் பார்த்தார்.  மேசையை விட்டு விலகவில்லை. கங்காணி ஒரு அடி முன்னால் வந்தான். 

கிளாக்கர் விரலால் புத்தகத்தில் கைநாட்டு வைக்கும் இடத்தைக் காட்டினார்.

கோணாமலை மை பூசிய பெருவிரலைச் சட்டையில் படாமல் உயர்த்தி, வாய்க்கு நேரே கொண்டுபோய், அது சீக்கிரம் காயட்டும் என்று மெதுவாக ஊதினார்.